மருந்து சொல்லாமல் படியிறங்காத ஊர்

வெட்டுவான்பேரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாம், வெறும் வயிற்றோடு போகலாம், பழைய பகையோடு கூடப் போகலாம். ஆனால் ஒரு மருந்து சொல்லாமல் மட்டும் படியிறங்கக் கூடாது. சொல்லாமல் இறங்கினால் அது நோயாளியின் காதோரம் சங்கை வைத்து ஊதியதற்குச் சமம் என்று எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், ஆகவே மருந்து தெரியாதவர்கள் வருகிற வழியில் டீக்கடையில் யாரிடமாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள், அதையும் பாதி வழியில் மறந்துவிட்டால் வேப்பங்கொழுந்து என்று சொல்லிவிடுவார்கள், வேப்பங்கொழுந்து பல்வலிக்கும் பக்கவாதத்துக்கும் பொது. சொன்னதை நோயாளி சாப்பிட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. சொன்னவரும் மறுநாள் வந்து சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். வாய்க்கு வந்ததை ஒருவர் சொல்ல, படுத்திருப்பவர் தலையாட்ட, யாருக்கும் நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் காலகாலமாக நடந்துவந்த வழக்கம் அது, மினிபஸ் டிரைவர் கோமதிநாயகம் படுக்கிறவரைக்கும்.

கோமதிநாயகத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஸ்கேன் பார்த்த டாக்டர், ரெண்டும் சுருங்கிவிட்டது, இனி விரியாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவர் மனைவி முப்பிடாதி அவரை டவுனுக்குக் கூட்டிப்போவாள், அதே மினிபஸ்ஸில், இப்போது வேறொருவன் ஓட்டுகிற மினிபஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் முதல் ஸீட்டில் அவரை உட்காரவைத்து. தாலுகா ஆஸ்பத்திரியில் மெஷின் அவர் ரத்தத்தை இழுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடும். சாயங்காலம் துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி அவரைத் திரும்பக் கூட்டிவருவாள். கழுவுவது கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர்தான். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகிற வழி அடைத்துவிட்டதால் உள்ளே போவதையும் அளந்துதான் விடவேண்டும், முப்பிடாதி ஒரு சின்ன டம்ளரில் அளந்து நாள் முழுக்கப் பங்குபோட்டுக் கொடுத்தாள், அவர் அதை நாக்கில் வைத்து வைத்து விழுங்கினார், தெருக்குழாயில் யாராவது குடம் நிரப்பும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். குற்றாலச் சாரல் அடிக்கிற ஊரில் பிறந்து இப்படி ஒரு தாகம். எதிரிக்கும் வரக்கூடாது.

ரேஷன் கடையில் எடை போடும் சுடலைக்கண்ணு ஒருநாள் மாலை பார்க்க வந்தான். கொஞ்சநேரம் உட்கார்ந்து நாட்டு நடப்பெல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது வழக்கப்படி, "அண்ணாச்சி, மூக்கிரட்டையை வேரோட இடிச்சுக் கசாயம் வச்சுக் குடிங்க, கிட்னிக்கு அதை மிஞ்சி ஒண்ணும் கெடையாது," என்று சொல்லிவிட்டுப் போனான். விடிந்து முப்பிடாதி வீடு பெருக்கும்போது கட்டில்காலுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், விரிசல் எதுவும் இல்லாத இடத்தில், மூக்கிரட்டை கொடிவிட்டுப் படர்ந்து சின்னச் சின்னதாய்ச் சிவப்புப் பூ பூத்திருந்தது. அவள் விளக்குமாற்றை அதைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பெருக்கினாள். பக்கத்து வீட்டுப் பட்டம்மாளிடம் குழாயடியில் சொன்னாள். "சில வீட்டு மண்ணுவாகு அப்படி மைனி," என்றாள் பட்டம்மாள், "எங்க வீட்ல தக்காளி போட்டாக்கூட வர மாட்டேங்கு."

அதற்குப் பிறகு வந்தவர்கள் சொன்னதெல்லாம் முளைத்தது. நெருஞ்சில் என்றார்கள், கட்டிலுக்கடியில் நெருஞ்சில் படர்ந்து வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கவேண்டி வந்தது. சிறுபீளை என்றார்கள், அடுப்படி முழுக்க வெள்ளைவெள்ளையாகச் சிறுபீளை. வாழைத்தண்டுச் சாறு என்று ஒருவர் சொல்லப்போக, மறுநாள் பீரோவை நகர்த்திக்கொண்டு ஒரு வாழை நின்றது, அதற்கடுத்த நாள் அது ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே தலைகாட்டியது. கழுதைப்பால் என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு மகராசன், காலையில் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு கழுதை ஈன்ற குட்டியோடு நின்று முப்பிடாதியை முறைத்தது, அவள் சொன்னவரைத் திட்டிக்கொண்டே அதற்குத் தவிடு வைத்தாள். ஏன் முளைக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. எப்போது பறிக்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

பறித்தார்கள். டீக்கடை இஸ்ரவேலுக்கு மஞ்சள்காமாலை, கோமதிநாயகம் வீட்டு நிலைப்படியில் முளைத்த கீழாநெல்லியைத் தின்று கண் வெளுத்து எழுந்தான். ஹெட்மாஸ்டருக்குப் பதினாறு வருஷமாக விடாத இருமல் அந்த வீட்டுத் தூதுவளையில் நின்றது, இருமல் இல்லாமல் அவர் வகுப்பை யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீட்டு ஓரத்தில் மேய்ந்த வெள்ளாடுகள் இரண்டிரண்டாகக் குட்டி போட்டன. வெளியூரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், மினிபஸ் அங்கே நின்று போக ஆரம்பித்தது, கண்டக்டர் அதற்கு ‘மருந்து வீடு’ என்று பெயர் வைத்து டிக்கெட் கொடுத்தான், வந்தவர்கள் சும்மா பறித்துப் போகக் கூச்சப்பட்டு ஒரு நிமிஷம் உள்ளே எட்டி நோயாளியைப் பார்த்து, அவர்களும் ஒரு மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அதுவும் முளைத்தது. இப்படி ஊரே அவர் வீட்டில் குணமாகிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகாததற்குக் காரணத்தை ஊர் கூடிக் கண்டுபிடித்தது. மூக்கிரட்டையைத் தொட்டுநக்குகிற அளவு குடித்துவிட்டு செவ்வாயும் வெள்ளியும் மெஷினுக்கும் போனால் மருந்துக்கு ரோஷம் வராதா என்று முதலில் கேட்டவன் சுடலைக்கண்ணு. ஒரு பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து அடுத்த பந்திக்கு ஓடினால் பரிமாறுகிறவனுக்கு எப்படி இருக்கும்? அதுமாதிரிதான் இதுவும். எங்கள் ஊரில் கல்யாணத்தில் இலையை மடித்துவிட்டு இன்னொரு இலையில் உட்கார்ந்த குற்றத்துக்காகத் தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு, ஆகையால் இந்த நியாயம் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. "ரெண்டு பந்தியில உக்காரக் கூடாது அண்ணாச்சி," என்று வருகிறவர்கள் எல்லாம் மருந்தோடு சேர்த்து இதையும் சொன்னார்கள்.

டவுனிலிருந்து சித்த வைத்தியர் ராமசுப்பு கேள்விப்பட்டு ஒருநாள் வந்தார். மூலிகைகளைப் பார்த்துப் பச்சைப்பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார், ஒவ்வொன்றையும் குனிந்து முகர்ந்தார், கழுதையைத் தடவிக் கொடுத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கோமதிநாயகத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"மெஷினை மட்டும் விட்டுராதீங்க. இது எல்லாம் நல்ல மருந்துதான், நானே கொடுக்கிறதுதான். கிட்னின்னு ஒண்ணு மிச்சம் இருந்தா அதுக்கு வேலை செய்யும். உங்களுக்கு அது இல்லை. சொல்லுததுக்கு எனக்கு மட்டும் சந்தோசமா இருக்கா?"

"அப்ப நீங்க என்ன மருந்து சொல்லுதிய?" என்று வாசலில் நின்ற கூட்டம் கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலை," என்று வைத்தியர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அப்படி ஒரு கொடுமையை ஊர் பார்த்ததில்லை. பட்டம்மாள் ஓடிப்போய் மஞ்சள்தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவிவிட்டாள், வைத்தியருக்கே அவர் மருந்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் என்ன வைத்தியர் என்று பேசிக்கொண்டார்கள், அவர் சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தெருவில் விட்டுவிட்டது.

அன்றைக்குக் கோமதிநாயகம் சோறு தொடவில்லை. முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"ஒரு மாசம் மெஷினை விட்டுப் பாப்பமா?"

அவள் சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"சாவுக்குப் பயந்து கேக்கலைட்டி. தண்ணிக்குக் கேக்கேன். கசாயம்னா செம்பு செம்பாக் குடிக்கலாம்லா. ஒரே ஒருநாள் தொண்டை நனையக் குடிச்சிட்டேன்னா போதும்னு இருக்கு. நீ வேண்டாம்னா வேண்டாம். நீ சொல்லுததுதான்."

முப்பிடாதி அவரைப் பார்த்தாள். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. தோலில் சாம்பல் பூத்திருந்தது. இந்த மனுஷன் ஒருகாலத்தில் பஸ்ஸை ஆற்றுப்பாலத்தில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிப்போய் ஆற்றில் கையை விட்டு அள்ளி அள்ளிக் குடித்துவிட்டு வருவான், பயணிகள் திட்டுவார்கள், அவன் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரிப்பான். அவளுக்கு அவன் மேல் இருந்த பிரியம் முழுக்க அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எதிராகத் திரும்பியது. செவ்வாய், வெள்ளி, மினிபஸ், வரிசை, ஊசி எல்லாவற்றிலும் அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சரி. ஒரு மாசம்," என்றாள்.

மறுநாள் அவர் குடித்தார். ஊரே வாசலில் நின்றது. பெரிய செம்பு நிறைய மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் பார்லியும் போட்டு வற்றவைத்த கஷாயத்தை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்து அவர் குடித்தபோது தொண்டையில் மடக்கு மடக்கென்று இறங்கிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சுடலைக்கண்ணு கைதட்டினான். கசப்பு என்று அவர் சொல்லவே இல்லை. இன்னொரு செம்பு கேட்டார், கொடுத்தாள். அந்த வாரம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அதற்குப் பல வருஷத்துக்கு முன்னால் கடைசியாகக் கேட்டது. அவள் பழைய பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் விட்டாள்.

பிறகு கால் வீங்கியது. கெட்டநீர் கீழே இறங்குகிறது, மருந்து பிடிக்கிறது என்றார்கள். முகம் வீங்கியது, ரத்தம் ஊறுகிறது என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தபடியே தூங்கினார், உள்ளே இருக்கும் சளியெல்லாம் கரைகிறது என்றார்கள். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் உண்டு, அது எப்போதும் நல்ல அர்த்தமாகத்தான் இருக்கும். உட்கார்ந்தும் மூச்சு விட முடியாமல் கண் வெளியே வந்தபோது முப்பிடாதி யாரையும் கேட்காமல் மினிபஸ்ஸைத் தெருவுக்குள் வரவழைத்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள், தாலுகா ஆஸ்பத்திரியில் இது இங்கே ஆகாது என்று ஆம்புலன்ஸ் வைத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள், அங்கே அவசரத்துக்குக் கழுவி உயிரைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி ஒழுங்காக உங்கள் தாலுகாவிலேயே மெஷினுக்குப் போங்கள் என்று அங்கே சொன்னார்கள்.

தாலுகாவில் மெஷின் ஓட்டும் மரியதாஸ் நல்ல பையன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"அக்கா, அண்ணாச்சி எடம் போயிட்டு. நீங்க வரலை, போன் போட்டா வரமாட்டோம்னு சொன்னிய. வெளிய எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காவன்னு உங்களுக்குத் தெரியும்லா. அருளப்பபுரத்துப் பொண்ணு ஒண்ணுக்குக் கொடுத்துட்டோம். செல்வசீலின்னு பேரு."

"இனி எப்ப கெடைக்கும்?"

"யாராவது வராம இருந்தா."

வராமல் இருப்பது எப்படி என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் பெயரைத் தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வருவதை முப்பிடாதி கவனித்தாள், சாமிக்குப் பயந்து நிறுத்தினாள், அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடி உருட்டினாள். அதன்பிறகு அவருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் கடன் வாங்கித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் அவசரத்துக்கு ஒருதடவை கழுவிக் கூட்டிவந்தாள்.

ஊர் அசரவில்லை. இன்னும் சரியான மருந்தை யாரும் சொல்லவில்லை, அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். பார்க்க வருகிறவர்கள் கூட்டம் முன்னிலும் பெருகியது. மலையேறிப் போய்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், யாருக்கும் தெரியாத செடிகளெல்லாம் சுவரில் முளைத்தன, மின்சார மீட்டர் கொடிக்குள் மறைந்து ரீடிங் எடுக்க வந்தவன் திரும்பிப் போனான். சென்னையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், "கிட்னி மாத்துறதுதான் ஒரே மருந்து," என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பிடாதிக்குச் சர்க்கரை இருந்ததால் அவளுடையதை எடுக்க முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், கோமதிநாயகத்தின் தம்பி அன்றிலிருந்து போன் எடுப்பதில்லை, இனி யார் கொடுப்பார்? ஆனாலும் மறுநாள் காலை தெருவே வந்து தரையைப் பார்த்தது. ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு புல் கூட இல்லை. தரையிடம் இல்லாததைத் தரை எங்கேயிருந்து கொடுக்கும்?

இந்த நிலையில்தான் செல்வசீலி வந்தாள். சின்ன வயது, கழுத்தோரம் மெஷினுக்குப் போட்ட குழாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள், ரொட்டிப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்திருந்தாள். அவள் தன் பெயரைச் சொன்னதும் முப்பிடாதி பொட்டலத்தை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அண்ணாச்சி, உங்க எடம்னு எனக்குத் தெரியாது. மரியதாஸ் அண்ணன் போனவாரம்தான் பேச்சுவாக்குல சொன்னாரு. அதுலேர்ந்து அந்தக் கட்டில்ல படுத்தா முள்ளுமேல படுத்தாப்புல இருக்கு."

"யாரு எடமும் இல்லம்மா. மெஷின் எடம்," என்றார் கோமதிநாயகம். வீங்கிய முகத்தில் அவர் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு பேரும் அதற்குமேல் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு நோய் உள்ளவர்கள் பேசிக்கொள்வதை மற்றவர்கள் கேட்கக் கூடாது, அவ்வளவு ஆசையாகப் பேசினார்கள். ஐஸ்கட்டியை வாயில் அடக்குவது, ஈரத்துணியை உதட்டில் வைப்பது, கனவில் குளம் வருவது. "நீங்க செம்போட குடிச்சியளாமே, எப்படி இருந்தது?" என்று கேட்டாள் அவள். அவர் பொய் சொல்லியிருக்கலாம். "அதுக்காகவே சாவலாம் போல இருந்தது," என்று உண்மையைச் சொன்னார், சொல்லும்போது அவர் குரல் அந்தப் பழைய டிரைவரின் குரலாக இருந்தது.

அவள் எழுந்தபோது வாசலில் நின்ற பெண்கள் மருந்து சொல்லிட்டுப் போம்மா என்று நினைவுபடுத்தினார்கள். அவள் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி," என்றாள். சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள். போகும்போது படியோரம் குனிந்து மூக்கிரட்டை கொஞ்சம் பறித்தாள், நெருஞ்சில் கொஞ்சம் பறித்தாள், வேரோடு இரண்டு பிடுங்கிக்கொண்டாள். முப்பிடாதி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இதைக் குடித்துத்தான் இவர் இப்படிக் கிடக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. அந்த வீட்டுக்கு வந்து யாரும் பறிக்காமல் போவதில்லை, பறிப்பவர்களுக்குப் பை கொடுப்பது அவளுக்குப் பழகிவிட்டது, உள்ளே போய் ஒரு மஞ்சள்பையை எடுத்துவந்து கொடுத்தாள்.

மறுநாள் விடியும்போது வீட்டுக்குள் மழை பெய்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தெருவில் ஒரு சொட்டு இல்லை, கோமதிநாயகம் வீட்டுக்குள் மட்டும் உத்தரத்திலிருந்து சரம் சரமாக நல்ல மழை. அவர் கட்டிலில் மல்லாந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். முப்பிடாதி குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்து அவர் முகத்துக்கு மேலே பிடித்தாள், அவர் தலையை இந்தப் பக்கம் நகர்த்தினால் குடை இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கம் வந்தது. "ஒரு வாய் விடுட்டி, ஒரு வாய்," என்று அவர் கெஞ்சினார். "மாட்டேன்," என்று அவள் அழுதாள். மழை மதியம் வரைக்கும் விடவில்லை. ஊர்ப் பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து பிடித்துப் போனார்கள், பருப்பு நன்றாக வேகிறதாம்.

அதற்கப்புறம் கொஞ்சநாளில் மரியதாஸ் போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு அண்ணாச்சியைக் கூட்டிட்டு வாங்க. எடம் இருக்கு."

"எப்படிப்பா?"

"அந்தப் பொண்ணு வரலை. போன தடவையும் வரலை, அதுக்கு முந்தியும் வரலை. போன் எடுக்க மாட்டேங்கு. நாளைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும் பாப்பேன், வரலைன்னா அண்ணாச்சிக்குப் போட்டுருவேன். சீக்கிரம் வந்துருங்க."

முப்பிடாதிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க வேண்டியதில்லை, யாருக்கும் வரும். சந்தோஷம் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்கூட இருக்கவில்லை, அவள் கண்ணுக்குள் அந்த மஞ்சள்பை வந்துவிட்டது. அவள் கோமதிநாயகத்திடம் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், பை கொடுத்ததையும் சொன்னாள். அவர் மூச்சை இழுத்து இழுத்து, "வழியிலதான அருளப்பபுரம். இறங்கிச் சொல்லிட்டுப் போவோம்," என்றார். அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது.

முதல் பஸ்ஸில் போனார்கள். அருளப்பபுரத்தில் டிரைவரிடம் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிவிட்டு முப்பிடாதி மட்டும் இறங்கினாள், பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை, அவர்களில் பாதிப்பேர் அவள் வீட்டு மருந்தில் பிழைத்தவர்கள். செல்வசீலி வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. சிமெண்டு முற்றத்தில் மூக்கிரட்டை படர்ந்து பூத்திருந்தது. அவள் படியில் உட்கார்ந்து செம்பில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தாள், முகம் உப்ப ஆரம்பித்திருந்தது, அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ஏளா சீலி, ஏன் மெஷினுக்குப் போகலை?"

"ரெண்டு பந்தியில உக்காரக் கூடாதுன்னு உங்க ஊர்ல சொன்னாவளேக்கா."

"சொன்னவன் எல்லாம் நல்லாத்தான் இருக்கான். குடிச்ச மனுசன் பஸ்ஸுல கெடக்காரு, வந்து பாரு. இது உனக்கும் அவருக்கும் உள்ள மருந்து இல்லை. கெளம்பு. ஏழு மணிக்குள்ள போனா உன் எடம் உனக்கு இருக்கும்."

செல்வசீலி செம்பைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்தா, பையை எடுத்துட்டு வாரேன்," என்று உள்ளே இரண்டு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள்.

"அக்கா, நான் வந்தா அண்ணாச்சிக்கு எடம்?"

முப்பிடாதி அவளையே பார்த்தாள். நீ வா, அவருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது பொய்தான், ஆனால் எங்கள் ஊரில் பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவளுக்கு அன்றைக்கு அந்தப் பொய் வரவில்லை. மனம் தடுத்துவிட்டது. ரோட்டில் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"நீங்க போங்கக்கா," என்றாள் செல்வசீலி. அவள் முப்பிடாதியின் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியாது, கோபமாகச் சொல்லவில்லை, பெரிய மனுஷி சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "பஸ் நிக்கி பாருங்க. நான் யோசிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல வாரேன்."

ஏழு மணி வரைக்கும் மரியதாஸ் பார்த்தான். பிறகு கோமதிநாயகத்தைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, மெஷினைப் போட்டுவிட்டான். ரத்தம் குழாயில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. ஜன்னல் வழியாக ரோடு தெரிந்தது, அடுத்த பஸ் வந்து நின்று போனது, அதற்கடுத்த பஸ்ஸும் வந்து நின்று போனது.

"சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன்."

"வாரேன்னாளா?"

"வாரேன்னா."

அவர் கதவைப் பார்த்தபடி கிடந்தார். முப்பிடாதி ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இரண்டு பேரும் ஒரேநேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள், அந்தப் பெண் வந்துவிடவேண்டும் என்று அவர் பார்த்தார், வந்துவிடக் கூடாது என்று அவள் பார்த்தாள். மதியம் மெஷின் நிற்கிறவரைக்கும் அப்படியே பார்த்தார்கள். யாரும் வரவில்லை.